நிகர எடை

பதினெட்டாம் வாரம் வரை
எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
"மீன் துள்ளுற மாதிரி இருக்கும்டி" என்றாள் புஷ்பராணி.
"வண்ணத்துப்பூச்சி" என்றது கைப்பேசி.
என்னிடம் இருந்தது வெறும் காற்று,
காலையில் தின்ற ரொட்டி சானாயின் காற்று.

செம்பனை ஆலையின் எடைமேடையில் வேலை.
ஒவ்வொரு லோரியும் என் சன்னலோரம் ஏறி நிற்கும்.
ஏறும்போது தரை நடுங்கும்,
மேசை நடுங்கும், குவளையில் மைலோ நடுங்கும்,
குலை நடுங்கும்:
அதன் முதுகில் அடுக்கிய குலையும்
என் வயிற்றுக்குள் இருக்கும் குலையும்.
இதில் எந்த நடுக்கம் உன்னுடையது என்று
எப்படிக் கண்டுபிடிப்பேன்?

நிறைந்து வந்தால் மொத்த எடை.
கொட்டிவிட்டுத் திரும்பினால் வெற்று எடை.
கழித்தால் நிகரம்.
ஏழு வருடமாக இதுதான் கணக்கு.

சுங்காய் கிளினிக்கில் மிசி நோரைனி
இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதினாள்,
ஐம்பத்தெட்டு புள்ளி நான்கு.
இதில் நான் எவ்வளவு, அது எவ்வளவு என்று கேட்டேன்.
அவளுக்குப் புரியவில்லை.
என் மலாய் அவ்வளவு மோசமில்லை,
கேள்விதான்.

போன ஆண்டு ஒருமுறை கழிந்தது,
பதினோராம் வாரத்தில்.
புத்தகத்தின் முதல் பக்கத்தில்
அதற்கு ஒரு வரி இருக்கிறது, சின்ன எழுத்தில்.
மிசி ஒவ்வொரு தடவையும்
அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டுவாள்.
நல்லவள்.

வியாழக்கிழமை விடியற்காலையிலிருந்தே மழை.
தோட்டத்தில் யாரும் குலை வெட்டவில்லை.
லோரி வரவில்லை.
மதியத்துக்கு மேல் கொதிகலனையும் அணைத்துவிட்டார்கள்.
மூன்று மாதமாக என்னை வாந்தியெடுக்க வைத்த
புளித்த நெடியைக்கூட மழை அமுக்கிவிட்டது.
தகரக்கூரை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
திரையில் சுழியம்.

அப்போதுதான்.

மீன் இல்லை. பூச்சியும் இல்லை.
கோப்பிக்கடையில் பையில் கட்டித் தருவார்களே தே,
அந்தப் பையை
உள்ளேயிருந்து யாரோ ஒருமுறை சுண்டியது போல.
நான் மூச்சை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
இன்னொரு சுண்டு.
இரண்டாவதுதான் என்னை அழ வைத்தது.
முதலாவதை
நான் இன்னும் நம்பியிருக்கவில்லை.

என்ன தோன்றியதோ,
குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போய்
எடைமேடையின் நடுவில் நின்றேன்.
முப்பது டன் லோரிக்கான இரும்பு அது.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
கம்பத்தின் மேல் சிவப்பு எழுத்தில் கொஞ்சம் யோசித்து
அறுபது என்றது.
நீயும் நானும் மழையும் சேர்த்து
அறுபது.

சரக்கில்லாமல் ஒதுங்கி நின்ற ஓட்டுநர் அஸ்மான்
கூரைக்கடியிலிருந்து கத்தினான்:
"காக், நீங்க எந்தத் தோட்டத்து லோரி?"
வயிற்றில் கை வைத்துக் காட்டினேன்.
அவன் சிரிப்பு நின்றது.
புகைந்துகொண்டிருந்த சிகரெட்டை
அவசரமாகக் காலடியில் நசுக்கினான்,
என்னவோ நான்
அவன் பக்கத்தில் நிற்பது போல.

இப்படித்தான் உன் முதல் சேதியை
உன் அப்பாவுக்கு முன்பே ஒரு லோரிக்காரன் தெரிந்துகொண்டான்.
குணாளன் ஜொகூரில் இரவு வேலை முடித்துத் தூங்கும் நேரம்.
கைப்பேசியை வயிற்றில் அழுத்தி
பதினான்கு விநாடி பதிந்து அனுப்பினேன்.
ஆறு மணிக்குப் பதில் வந்தது:
"மழச் சத்தம் மட்டும்தான் கேக்குது."
பின்னாலேயே இன்னொன்று:
"மூணு வாட்டி கேட்டேன்."

அதற்குள் மழை விட்டு
முதல் நாள் வெட்டிய குலைகள் வரத் தொடங்கியிருந்தன.
பதினோரு லோரி.
ஒன்பதாவது ஏறும்போது மறுபடி ஏதோ அசைந்தது.
நீயாக இருக்கலாம்.
லோரியாகவும் இருக்கலாம்.
ஒரு சீட்டின் பின்புறம்
நேரத்தை மட்டும் குறித்துவைத்தேன்.