பந்து அறை, புதன்கிழமை

புதன்கிழமை மட்டும் பந்து அறை என்னுடையதில்லை.
கிழிந்த வலை, காற்றுப்போன மூன்று கைப்பந்து,
குண்டெறியும் இரும்பு, சுண்ணாம்பு மூட்டை
எல்லாவற்றையும் மூலைக்குத் தள்ளி
இரண்டு நாற்காலி போட்டுக் கொடுத்தேன்,
கொஞ்சம் முனகலோடுதான்.

காங்கயத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார் ஆலோசகர்.
பதினாலு பள்ளிக்கு ஒருத்தர்.
எங்களுக்குப் பதினைந்து நாளுக்கு ஒரு புதன்.
பேர் யமுனாதேவி. கையில் ஒரு சோத்துப்போசி, ஒரு நோட்டு.
போர்டு எழுதி மாட்டலாமா என்றார் தலைமையாசிரியர்.
வேண்டாங்க சார், பந்து அறைன்னே இருக்கட்டும்,
பந்து எடுக்க வர்ற மாதிரி வந்துட்டுப் போகட்டும்.

பதினொன்று 'பி' நவதரணிக்கு
என் பீரியடில் எப்போதும் வயிற்றுவலி.
மூன்று வாரம் வேப்பமரத்தடியில் உட்கார விட்டேன்.
நாலாம் வாரம் விசிலைப் பாதி எடுத்துவிட்டு
நடிக்கிறியா என்றேன்.
அவள் எழுந்து ஓடினாள்.
மைதானத்தை ஏழு சுற்று,
நிறுத்து நிறுத்து என்று நான் கத்தியும்.

அடுத்து வந்த புதன், பந்து எடுக்கப் போனவள்
மணியடித்தும் வரவில்லை.
சுண்ணாம்பு வாளியோடு வெளியே நின்றிருந்தேன்.
தப்புத்தான்,
கதவிடுக்கில் ஒன்று காதில் விழுந்துவிட்டது:
'வெசனமா இருக்குதுங் மிஸ்.'

மழை பொய்த்த வருஷம் எங்கம்மா சொன்ன சொல்.
சீட்டுப் பிடித்தவன் ஊரைவிட்டு ஓடியபோது
அப்பன் ஒரே ஒரு தடவை சொன்ன சொல்.
பதினாறு வயசுக்கு இதை யார் கொடுத்தது?

சாயங்காலம் பஸ் நிறுத்தம்வரை கூட நடந்தேன்.
வேலி எருக்கெல்லாம் தறிப்பஞ்சு படிந்திருந்தது.
என்னங்க அந்தப் பிள்ளைக்கு?
அது அந்த அறையோடதுங்க சார்.
கோபம் வந்தது. நியாயம் என்றும் பட்டது.
கொஞ்ச தூரம் போய் அவரே சொன்னார்:
பாரத்துல பதற்றம், மனச்சோர்வுன்னு
கட்டம் கட்டமா இருக்குதுங்க,
பிள்ளைங்க சொல்றது எதுக்குள்ளேயும் அடங்கறதில்லை,
ஓரத்துல எழுதிக்கிறேன்.
வண்டி வந்தது, ஏறிவிட்டார்.
அடுத்த முறை சிவன்மலைத் தேருக்கு விடுமுறை.
ஆக, நாலு வாரம்.

வெள்ளிக்கிழமை என் பீரியட்.
வயிறு வலிக்குதுங் சார்.
சரி, உட்காரு.
விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
பம்ப்பும் ஒரு பந்துமாய் நானும் மரத்தடிக்குப் போனேன்.
அவள் ஊசியைப் பிடித்துக்கொண்டாள், நான் அடித்தேன்.
உப்பியது, சுருங்கியது.
எங்கியோ காத்து போகுதுங் சார், என்றாள்.
அடிப்பதை நிறுத்தினேன்.
பந்தைத் தூக்கிக் காதோரம் வைத்து,
ஆளுக்கொரு பக்கம்,
பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.