மூன்றாவது ராஜா

வீட்டுக்குள் எது வந்தாலும்
முதலில் அவன் அளக்க வேண்டும்.
அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர்,
பெனிட்டாவின் ஹாஸ்டல் பை.
மூக்கால் ஒரு சுற்று, மீசையால் ஒரு சுற்று,
பிறகு மேலே ஏறி உட்கார்ந்து
பட்டா போட்டுக்கொள்வான்.
அதனால்தான் சர்வேயர் என்று பெயர்.

டிசம்பர் பத்தாம் தேதி பரணிலிருந்து
குடில் பெட்டியை இறக்கினோம்.
நான் ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள்
ஒரு ஆட்டுக்குட்டிக்குக் காது இல்லை.

மன்னார்குடி கால்நடை மருந்தகத்தில்
சினைப்பசுக்களுக்கும் கழிச்சல் கண்ட ஆடுகளுக்கும் நடுவே
கட்டைப்பையில் பூனையோடு நின்றேன்.
சீட்டு எழுதினவர்
"எத்தனை லிட்டர் கறக்கும்?" என்றார்.
டாக்டரம்மா சிரிக்கவில்லை.
ஜிகினாச் சரம் உள்ளே போனால் குடலைச் சுருட்டும்,
சீரியல் லைட் வயர் வேண்டாம்,
மணி பிளாண்ட் வேண்டாம், கற்றாழை வேண்டாம்,
லில்லி இருந்தால் இன்றைக்கே, இப்போதே.
"புல் மட்டும் தின்னட்டும்."

வீடு ஒவ்வொன்றாகக் குறைந்தது.
ஜிகினா பெட்டிக்கே திரும்பியது.
கற்றாழை கீழ்வீட்டு ரமீஜா அக்காவிடம் போனது.
லில்லித் தொட்டியை இன்னாசி
பாமணியாற்றுப் பாலம் தாண்டித் தன் ஆபீசில் வைத்தார்;
ஃபைல்களுக்கு மத்தியில் அது பூத்துவிட்டதாம்.
மணி பிளாண்டை ஃபிரிட்ஜ் மேல் ஏற்றினேன்.
ஃபிரிட்ஜ் மேல் அவன் இருந்தான்.
அலமாரி மேல் ஏற்றினேன்.
எனக்கு முன்னால் போய்க் காத்திருந்தான்,
எல்லைக்கல் ஊன்ற வந்தவன் போல.

ஆரஞ்சுத் தோல் வாசனை ஆகாதாம்.
பத்து நாள் ஆரஞ்சாகத் தின்று
இன்னாசிக்குச் சளி பிடித்ததுதான் மிச்சம்.
அலுமினியத் தாள் விரித்தேன்.
மிதித்தான், சரசரத்தது, பாய்ந்து ஓடினான்.
மறுநாள் அதன்மேல் படுத்துத் தூங்கினான்.

குடிலுக்கு நெல் முளைக்கப் போட்டிருந்தேன்,
தம்பி சம்பாவுக்கு விதைத்துப் போக மீந்தது.
இந்த வருஷம் இரண்டு தட்டு:
ஒன்று பாலனுக்கு, ஒன்று சர்வேயருக்கு.
கோட்டூரில் தம்பியின் வயல்
கழுத்தளவு தண்ணீரில் நின்ற வாரம்,
அதே விதை எவர்சில்வர் தட்டில்
நாலு விரற்கடை பச்சை.
அவனுடையதை அவன் மோந்துகூடப் பார்க்கவில்லை.
பாலனுடையதை
வரப்பு வெட்டியதுபோல் ஓரமாக மேய்ந்திருந்தான்.
தட்டை மாற்றி வைத்தேன்.
மாற்றி மேய்ந்தான்.

இருபத்துநாலாம் தேதி இரவு
பூசைக்குக் கிளம்பும்போது
குடிலைச் சுற்றி நாற்காலிகள், மேலே கொசுவலை,
நுனிகளில் நாலு செங்கல்.
"ஏரோதுகூட வர முடியாது" என்றாள் பெனிட்டா.

தூறலில் நனைந்து திரும்பியபோது மணி இரண்டு.
கரண்ட் இல்லை.
செல்போன் வெளிச்சத்தில்
வலை அப்படியே, செங்கல் அப்படியே.
உள்ளே ஆடுகள் எல்லாம் மல்லாந்து.
பாலன் வைத்த இடத்தில்.
ராஜாக்கள் இரண்டே பேர்.
எந்த வழியாக என்று இன்றுவரை தெரியாது.

மூன்றாமவரை, சாம்பிராணிப் பெட்டியும் கையுமாக,
சமையலறைக் கதவோரம் கண்டுபிடித்தோம்.
கிரீடத்தில் பல் பட்ட தடம்.
பெனிட்டா எடுக்கக் குனிந்தாள்.
விடு என்றேன்.
அவருக்கு ஜனவரி ஆறு வரை நேரம் இருக்கிறது.

பிறகு இரவுதோறும் பயணம்.
வாஷிங் மெஷினடியில் ஒரு நாள்.
இன்னாசியின் இடது ஷூவுக்குள் இரண்டு நாள்.
புத்தாண்டன்று கட்டிலுக்கடியில்
திசை மாறிப் போய்க்கொண்டிருந்தார்.
சர்வேயருக்குக் குடிலே மறந்துவிட்டது.
அலமாரி மேலிருந்து மணி பிளாண்ட்
யாரும் கடிக்காத ஒரு இலையை விட்டது.

ஐந்தாம் தேதி
எல்லாரும் தூங்கினபின் எழுந்து பார்த்தேன்.
குடிலுக்கு இன்னும் நாலடி இருந்தது.
அவன் வாலைக் காலடியில் சுருட்டிக்கொண்டு
என்னையே பார்த்தான்.
கால் பெருவிரலால்
ஓரடி தள்ளிவிட்டேன்.
மீதி மூன்றடியையும்
அவனே அளந்தான்.