சைவப் பூனை

"பால், தயிர்ச்சோறு, மிஞ்சினால் ஒரு அப்பளம்.
எங்க மரகதம் மீனைத் தொடாது"
கதவைச் சாத்திக்கொண்டார் சௌந்தரவல்லி.

நெல்பேட்டையில் கால் கிலோ அயிரை
என்ன விலையென்று அவருக்கு எப்படித் தெரியும்.

மண்ணைக் கக்கட்டும் என்று
பால் ஊற்றிய சட்டியில் நீந்தவிட்டு
புளி கரைக்கத் திரும்பினேன்.
அவ்வளவுதான் நேரம்.
பாலுக்குத்தான் வந்தது என்று
வாதாடவும் இடமிருக்கிறது.

ஆரஞ்சுத் தோல் போட்டுப் பார்த்தேன்.
விளக்குமாற்றைக் காட்டினேன், மோந்து பார்த்தது.
ஜன்னலுக்கு வலை அடிக்க வந்த சூசை
ஆணி தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாரேன் என்று
ஒரு மூலையை விட்டுப் போனவன்தான்.
ஆரப்பாளையத்தில் இன்னும் அந்த நாளை வரவில்லை.
நானும் போன் செய்யவில்லை.

போன ஞாயிறு மதிலுக்கு அந்தப் பக்கம்
"ஏண்டி, வாயெல்லாம் என்ன வாடை?"
அடுப்பை அணைத்துவிட்டு அசையாமல் நின்றேன்.
பறிகொடுத்தவள் நான்.
பயமும் எனக்கே.

இன்று நாலு மீனைத் தனியே எடுத்துவைத்தேன்.
தின்று முடிக்கட்டும் என்று காத்திருந்து
ஈரத்துணியால் மீசையைத் துடைத்தேன்,
இடப்பக்கம் இரண்டு தரம்.
நெற்றிக்குத் திருநீறு ஒன்றுதான் பாக்கி.

போ என்கிறேன்.
சட்டியையே பார்க்கிறது.