ஆறு முதல் பத்து வரை

புது மீட்டர் மாட்டிய அன்றைக்கே
தவசிக்கனி ஒரு அட்டையை வெட்டி எழுதி
நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார்.
ராகுகாலம் கிழமைக்குக் கிழமை இடம் மாறும்.
இது மாறாது:
கருக்கலில் ஆறுக்கு ஏறும், பத்துக்கு இறங்கும்.
பகல் ஒன்பதிலிருந்து நாலு வரை மலிவு.
அந்த மலிவு நேரம் முழுக்க நான் வள்ளியூரில்
ஜவுளிக்கடை இரண்டாம் மாடியில்
பாவாடைத் துணி அளந்துகொண்டிருப்பேன்,
முதலாளியின் கரண்டில், முதலாளியின் ஏசியில்.

பணகுடியில் ஏழரை பஸ்ஸை விட்டு இறங்கினால்
வீட்டுக்குப் பின்னால், வயல் தாண்டி
காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்கும்.
ஆடிக் காற்றில் அம்மி பறக்குமோ என்னமோ,
எங்கள் வீட்டு கிரைண்டர்
பத்து அடிக்காமல் அசைந்ததில்லை.
"ஏட்டி பொன்ராணி, ஊரே அடங்கிட்டு,
ஒனக்கு மட்டும் என்ன அரைப்பு?"
என்று சுவரைத் தட்டுவாள் எஸ்கலின்.
இருட்டில் மோட்டார். இருட்டில் துவைப்பு.
பதினொன்றரைக்கு இஸ்திரிப் பெட்டி.
நின்றவாக்கில் கண்ணயர்ந்ததில்
மகள் யூனிபாரக் காலரில் ஒரு பழுப்பு,
பெட்டியின் மூக்கு வடிவில்.

இரண்டு மாசம் கழித்து போனில் வந்தது கணக்கு.
நூற்றெண்பத்தி நாலு ரூபாய் குறைவு.
சந்தையில் அரைக் கிலோ சாளை வாங்கினேன்.
தெற்குத் தெரு டீச்சருக்கு ஆயிரத்துச் சொச்சம் குறைந்ததாம்;
மொட்டைமாடியில் சோலார், மெஷினுக்கு டைமர்.
"எல்லாம் திட்டம்தான், பொன்ராணி" என்றார்.
குறைப்பதற்கு அவரிடம் நிறைய இருந்தது.

எங்கள் வீட்டில்
நேரம் மாற்ற முடியாதது ஒன்றே ஒன்று.
கிரஷரில் பத்தொன்பது வருஷம்
கல் மாவு தின்ற நெஞ்சுக்காக
கட்டிலோரம் முனகும் ஆக்சிஜன் மெஷின்.
காற்று அங்கே கரண்டாகிக் கம்பியில் வருகிறது.
வந்த கரண்டு இங்கே காற்றாகி
குழாய் வழி அவர் மூக்குக்குப் போகிறது.
நடுவில் ஒரு பெட்டி
எண்ணிக்கொண்டே இருக்கிறது.

ஆவணியில் ஒருநாள் வந்து பார்த்தால்
கிரைண்டர் கல்லைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறது.
அவர் மீசையில் உளுந்து மாவு.
மூக்குக் குழாயோடு இன்னொரு குழாயை ஒட்டுப்போட்டு
அடுக்களை வரைக்கும் நீட்டியிருந்தார்.
"மத்தியானமே அரைச்சுட்டேன். மலிவு நேரம்லா."
மறுநாள் இட்லி புளித்துக் கிடந்தது.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மகள் மட்டும்
சீனி கேட்டாள்.

புரட்டாசியில் காற்று ஓய்ந்தது.
வள்ளியூரில் கரண்டு போய்
கடையைச் சீக்கிரம் அடைத்த சாயங்காலம்
ஆறு நாற்பதுக்கே வீட்டு வாசலில் நின்றேன்.
மகள் டியூஷனில்.
விளக்கு இல்லை.
முனகல் இல்லை.
கட்டிலில் சாய்ந்து அட்டையைப் பார்த்தபடி அவர்,
உதடு நாவல்பழம் தின்ற பிள்ளை மாதிரி.

"வெல ஏறுன நேரம்லா...
சும்மா தான இருக்கேன்...
ஒஞ்செருப்புச் சத்தம் கேட்டதும்... போட்டுருவேன்."

சுவிட்சைப் போட்டேன்.
விளக்கைப் போட்டேன், ஃபேனைப் போட்டேன்,
என்னத்துக்கென்று தெரியாமல் டிவியையும் போட்டேன்.
யாரோ சமையல் குறிப்பு சொன்னார்கள்.
"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.
சுவரைப் பார்த்தார்.
அட்டையைப் பிய்த்தேன், ஆணி வரவில்லை.

அடுத்த கணக்கு கூடித்தான் வந்தது. கட்டினேன்.
பழைய கணக்கைத்தான்
இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.
குறைந்த நூற்றெண்பத்தி நாலில்
கிரைண்டர் எவ்வளவு, மோட்டார் எவ்வளவு,
மூச்சு எவ்வளவு என்று
அதில் பிரித்துப் போடவில்லை.

சாளைக் குழம்பு
அன்றைக்கு ருசியாகத்தான் இருந்தது.
இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டேன்.