இருப்புப் பட்டியல், வரிசை எண் 41

காலை ஆறு நாற்பது பஸ்.
சேலத்தில் ஏறும்போதே செல்போன் செத்திருந்தது.
சார்ஜ் இல்லை.
"ஏற்காடு ஒண்ணு" என்று நீட்டினேன்.
பஸ் சார்ஜ் ஏற்றிவிட்டார்களாம், நாலு ரூபாய் குறைந்தது.
கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார்.
"இறங்கும்போது குடுங்க."

பையில் இரண்டு தாள்.
ஒன்று சார்ஜ் மெமோ, பதினேழு பி.
மற்றது, பதில் எழுதும் முன்னால்
கடையின் சார்ஜை ஒப்படைத்துவிடு என்னும் உத்தரவு.
இரண்டையும் அடித்தது ஒரே மெஷின்;
அந்தச் சொல்லில் மட்டும் இரண்டிலும்
ஒரே இடத்தில் மை அப்பியிருந்தது.

கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டி முதல் கொண்டை ஊசி.
பின்சீட்டில் கோழித்தீவன மூட்டை, வெங்காயம்,
ஒரு மரக்கதவு, கதவின் சொந்தக்காரர்.
எட்டாம் வளைவில் எஞ்சின் முனகியது.
பதினான்கில் கதவு என் தோளில் சாய்ந்து தூங்கியது.
இறங்கும்போது நாலு ரூபாய்க்குத் துழாவினேன்.
கண்டக்டர் ஏதோ வேலையாக
அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பூங்காவனம் எனக்கு முன்பே வந்திருந்தார்,
வாழப்பாடியிலிருந்து மாறுதல்.
"நான்தான் சார் சார்ஜ் எடுக்க வந்திருக்கேன்."
எண்ணத் தொடங்கினோம்.
தராசு இரண்டு. சாக்கு ஊசி ஒன்று.
சீல் பேடு, காய்ந்தது.
வரிசை எண் 41:
ஆங்கில அகராதி, பெரியது, முதுகு கிழிந்தது, ஒன்று.

பதினொரு வருடம் அதை மணை போட்டுத்தான்
பில் எழுதினேன். திறந்ததில்லை.
"பக்கமெல்லாம் இருக்கான்னு பாக்கணுமா சார்?"
"பாத்துடலாம். இல்லேன்னா அதுக்கொரு மெமோ வரும்."
விரல் தானாகவே அந்தச் சொல்லுக்குப் போனது.

ஒன்றரைப் பக்கம் படுத்துக் கிடந்தது.
கட்டணம். காவல். குற்றம் சாட்டுதல்.
துப்பாக்கியில் மருந்து கிட்டித்தல்.
மின்சாரம் ஏற்றுதல்.
படை திரண்டு பாய்தல் —
ஐந்து ரோட்டில் ஒரு தடவை லத்தியோடு பாய்ந்தது,
என் இடது முட்டிக்கு அகராதி தேவையில்லை.
எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்தில், பிறந்த கதை:
லத்தீனில் ஒரு வண்டி.
அதில் பாரம் ஏற்றுவது.
அவ்வளவுதான்.
லீ பஜாரில் விடியவிடிய மூட்டை ஏற்றுகிறவர்களைக் கேட்டால்
லோடு என்பார்கள். அதுவே போதும் அவர்களுக்கு.

ரோட்டில் ஓடும் காரும் அந்த வண்டியின் வழிவந்ததுதானாம்.
எங்கள் கார் வேறு.
ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் உச்சியில்
நீரை ஏற்றிக்கொண்டு
இறக்க இடம் பார்த்து நின்றிருந்தது.

பூங்காவனம் பேரேட்டில் தமிழில் எழுதினார்:
பொறுப்பேற்றேன்.
கையெழுத்துப் போடாமல் அந்தச் சொல்லையே பார்த்தேன்.
இதற்குப் பொடி எழுத்து வேண்டியதில்லை.
பொறு என்றால் சும.
பொறு என்றால் கொஞ்சம் நில்.

"சார், துவரையில மூணு மூட்டை வித்தியாசம் வருதே."

ஒன்றரை மூட்டை எலி.
மீதியை மெமோவிலும் நான் எழுதப்போவதில்லை,
கார்டு இல்லாத வீடுகளின் பெயர் வெளியே வரும்.

"பொறுங்கம்மா" என்றேன்.
எந்தப் பொருளில் என்று அவர் கேட்கவில்லை.
பேனாவை மூடி வைத்தார்.

மேசைக்கு அடியில், அவருடைய சார்ஜரில் செருகிய என் போன்
ஒரு சதவீதம் என்று காட்டிக்
கண் விழித்தது.