பழையது எனக் குறித்து

டர்பன், ஊம்கேனி சாலை, மூன்றாம் மாடி.
அதிகாலை 2.14க்கு
முதன்மைச் செயலி செத்தது.
முன்னறிவிப்பு இல்லை.
விசிறி ஒருமுறை இரைந்து தணிந்தது,
பச்சை விளக்கு ஆரஞ்சானது,
அவ்வளவுதான்.

பொட்டலங்கள் போய்க்கொண்டே இருந்தன.
தூக்கம் வராத யாரோ ஃபீனிக்ஸிலிருந்து
பெர்த்தில் காலை உணவு உண்ணும் மகளோடு
பேசிக்கொண்டிருந்திருக்கலாம்.
கடைசியாக எழுதித் தந்த வழிப்பட்டியல்
அட்டைகளின் கையில் இருந்தது.
தலை போய்விட்டதென்று
கைகளுக்கு யாரும் சொல்லவில்லை.

காத்திருந்த செயலி எழுந்தது.
அமைப்பு முழுக்க அதற்கு மனப்பாடம்.
அண்டையரின் பெயர் தெரியும்,
பேசிப் பழக்கமில்லை.
ஒவ்வொரு கதவாகத் தட்டியது:
நான்தான். அதே எண்.
நான் சொன்னதை இப்போதைக்கு விட்டுவிடாதீர்கள்.
நீங்கள் சொன்னதை
இன்னொரு முறை சொல்லுங்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் சரி என்றது.
ரிச்சர்ட்ஸ் பே சரி என்றது.
என் வழிகளின் ஓரத்தில்
'பழையது' என ஒரு புள்ளி வைத்துவிட்டு
அதே வழியில் அனுப்பிக்கொண்டிருந்தன.
நூற்றிருபது நொடி தவணை.
அதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.

இசிபிங்கோ மட்டும்.
அங்கே இருப்பது பழைய பெட்டி
(மாற்றச் சொல்லி மூன்று மின்னஞ்சல் அனுப்பியாயிற்று).
பொறுத்திரு என்ற சொல்
அதன் மொழியில் இல்லை.
மறுபடி அறிமுகம் கேட்டதும்
அப்படியானால் நீ செத்துவிட்டாய் என்று முடிவுகட்டி
தெற்கே இருந்த அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டது.
உலை வாயையாவது மூடலாம்.

"பார்த்தீங்களா?" தொலைபேசியில் சிபூசிசோ.
பார்த்தேன்.

சாட்ஸ்வொர்த்தில், ஏழாம் பிரிவில்,
இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர்.
ஆர். கே. கான் மருத்துவமனையில் அம்மா
பத்தொன்பது நாள் கண் திறக்காமல் கிடந்தபோது
ஸ்டாங்கரிலிருந்து அத்தை வந்தாள்.
சோறு, சீருடை, எங்கள் மூவரின் சண்டை
எல்லாம் அவளுக்குத் தெரியும்.
தெருவில் ஒருவரையும் தெரியாது.
சுவருக்கு அந்தப்புறத்து மொகாம்பரி வீட்டார்
விளிம்பு மடிக்க வழக்கம்போல் துணி கொடுத்தனுப்பினார்கள்,
தைப்பவள் இல்லையென்று தெரிந்தே.
போன மாத அளவுதான், இரண்டு விரல் இறக்கி,
என்று அத்தைக்கு வேலிக்கு மேலாகச் சொன்னார்கள்.

எதிர்வீட்டு லோகன் நாயக்கர்
முதல் சனிக்கிழமையே கடைக்குப் போய்
எங்கள் கணக்கை மூடச் சொன்னார்.
கெட்டவர் இல்லை.
ஒருவரைப் பாதியில் வைத்திருக்க
அவருக்குத் தெரியாது.
அவர் பேச்சை நம்பி இரண்டு பேர்
மாலையோடு வந்துவிட்டார்கள்.
அத்தை வாங்கி
முருகன் படத்துக்குப் போட்டாள்.

எழுபத்தோராவது நொடியில்
ரிச்சர்ட்ஸ் பே, 'சொல்ல இருந்தது இவ்வளவுதான்' என்றது.
புள்ளிகள் உதிர்ந்தன.
இசிபிங்கோவோடுதான் முதலிலிருந்து,
முன்பின் தெரியாதவரிடம் போல்,
வணக்கம், என் பெயர், என் எண்,
பிறகு ஒவ்வொரு வழியாக.
அதற்குள் தெற்கே ஒரு பெட்ரோல் நிலையத்தில்
வங்கி அட்டை ஓடாமல்
யாராவது திட்டியிருப்பார்கள்.

செத்த செயலி 2.31க்கு எழுந்தது.
இடம் இருந்தது, காத்திருப்பவர் இடம்.
அது எதுவும் கேட்கவில்லை.

அம்மாவும் வந்தாள்.
தையல் இயந்திரத்தின் முன் அத்தை.
எழுந்திரு என்று அம்மா சொல்லவில்லை.
பக்கத்தில் உட்கார்ந்து
நடுங்கும் கையோடு
நூல் கோர்த்துக் கொடுத்தாள்,
நான்காவது முயற்சியில்.
அத்தை ஸ்டாங்கருக்குத் திரும்பிப் போகவேயில்லை.

அறிக்கையில் 'பாதிப்பு' என்றொரு கட்டம்.
இசிபிங்கோ, நான்கு நிமிடம், என்று நிரப்பினேன்.
பாதிப்பு இல்லாதவற்றுக்குக்
கட்டம் கிடையாது.
பிறகு நான்காவது மின்னஞ்சலைத் தொடங்கி,
'அன்புள்ள' என்பதோடு நிறுத்தி,
தேநீர் போடப் போனேன்.