விற்பதற்கு முன்

வீட்டை வக்கீல்கள் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள்.
கார் உனக்கு. தையல் மெஷினும்
கடனில் பாதியும் எனக்கு.
படகை மட்டும் யாரும் தொடவில்லை.
ஓடாத என்ஜினோடு ஃபேவர்ஷம் ஓடையில்
சேற்றில் ஒருக்களித்துக் கிடப்பதற்கு
என்ன விலை எழுதுவது?

ஆகவே நவம்பரில் கழற்றினோம்.
இரண்டு சிலிண்டர், பத்துக் குதிரைத்திறன்,
நம் இருவர் எடையைவிடக் கொஞ்சம் குறைவு.
செயின் பிளாக்கை நீ இழுத்தாய்,
படிக்கட்டில் இடிக்காமல் நான் பிடித்தேன்.
"மெதுவா."
அந்த ஒரு சொல்தான் அன்றைக்கு முழுக்க.

குளிர்காலம் உன் வாடகை கராஜில் கழிந்தது,
பழைய கதவொன்றின் மேல்.
சனிக்கிழமைகளில் வந்தேன்.
பல்லுக்கு அச்செடுத்துப் பழகிய கைக்கு
இன்ஜெக்டர் முனை ஒன்றும் பெரிதல்ல.
இம்பெல்லரைத் திறந்தால் ஆறு இதழில் ஐந்துதான்.
ஆறாவதைத் தேடிக் குழாய் குழாயாகப் போனேன்.
கடைசி வளைவில் அடைத்துக்கொண்டு
ஒரு கறுத்த ரப்பர்த் துண்டு, நகத்தளவு.

இதற்கா அந்த ஆகஸ்டில்
புகைந்து நடு ஓடையில் நின்று,
யார் தப்பு என்று
கரை வரும்வரை கத்தினோம்?
உன் உள்ளங்கையில் வைத்தேன்.
பார்த்தாய்.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

ஏப்ரலில் திரும்ப இறக்கினோம்.
புது பெல்ட், புது ரப்பர்த் தாங்கிகள்.
ஒரு நட் அடித்தளத்துக்குள் விழுந்தது.
வாய்க்குள் பார்க்கும் என் குட்டிக் கண்ணாடியை
இருட்டுக்குள் நீட்டினேன்:
எண்ணெய்த் தண்ணீர், நட்,
தலைகீழாக உன் முகம்.

கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவே
அளவுத் தகடு விட்டுப் பார்த்தோம்.
மேலே நுழைந்தது, கீழே நுழையவில்லை.
கால் சுற்று. மறுபடி. கால் சுற்று.
சரியாய் வந்த நேரம் தண்ணீர் ஏறியது,
பலகைகள் முனகின,
அளந்தால் மறுபடி கோணல்.

மிதக்கும்போது மட்டுமே அளக்கவும் என்று
கையேட்டில் தடித்த எழுத்தில் இருந்ததாம்.
நான் படித்திருந்தேன். நீயும் படித்திருந்தாய்.
உனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.
எனக்குத் தெரியும் என்று நீ.

அன்றிரவு மிதப்பு இரண்டு நாற்பதுக்கு.
நெற்றியில் விளக்கு, ஃப்ளாஸ்கில் இஞ்சித் தேநீர்,
உன்னிடம் ஸ்பேனர், என்னிடம் தகடு.
"ஒரு பொட்டு."
"இன்னும்."
"போதும் போதும், திரும்பி வா."
நாம் இவ்வளவு பேசி எத்தனை நாளாயிற்று.

டீசல் குழாயில் காற்றை எடுத்தோம்.
திருகைத் தளர்த்த நுரை வந்தது,
பிறகு துப்பல், பிறகு
குமிழே இல்லாத ஒழுக்கு.
சாவியைத் திருப்பினாய்.
இருமியது. செத்தது. இருமியது.
பிடித்துக்கொண்டது.
பின்பக்கம் குனிந்து பார்த்தேன்.
"தண்ணி வருது! தண்ணி வருது!"
எதிர்க்கரையில் ஜன்னலைத் திறந்து
யாரோ நம்மைத் திட்டினார்கள்.

விளம்பரத்துக்குப் படம் எடுக்கணும், என்றாய்.
வெளிச்சம் வரட்டும், என்றேன்.

ஓடை இறங்கத் தொடங்கியிருந்தது.
"சேறு தொடுமுன் அணைக்கணும்,
இல்லாட்டி இம்பெல்லர் மண்ணைக் குடிக்கும்."
உனக்குத் தெரிந்ததைத்தான்,
ஆனாலும் சொன்னேன்.
"தெரியும்," என்றாய். கைக்கடிகாரத்தைப் பார்த்தாய்.
"இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."